ஸ்மார்ட் ஹெல்மெட் வாங்கலாமா? திருவொற்றியூர் சைட், 28 பேர்

தேரடி பில்டர்:

வணக்கம். திருவொற்றியூர் தேரடி பக்கத்தில் ஸ்டில்ட்டும் (கீழே வண்டி நிறுத்தும் தளம்) நாலு மாடியுமாக ஒரு அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. அப்பா மேஸ்திரியாக இருந்தவர், நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு அவரோடு சேர்ந்து சின்ன கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இப்போது சைட்டில் 28 பேர். பாதிக்கு மேல் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள், மீதி எர்ணாவூர், மணலி ஆட்கள்.

போன மாதம் முதல் மாடி வெளிப்பூச்சு நடக்கும்போது சாரத்துப் பலகை நழுவி ஒரு பையன் விழுந்துவிட்டான். கீழே மணல் கொட்டி வைத்திருந்தோம், அதனால் மணிக்கட்டு எலும்போடு போயிற்று. அந்த மணலை மறுநாள் அள்ளிவிடச் சொல்லியிருந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

இது எப்படியோ காதில் விழுந்து ஒரு சேல்ஸ்மேன் வந்தார். சென்சார் வைத்த ஹெல்மெட், கையில் கட்டும் பேண்ட், நாலு ஏஐ கேமரா, எல்லாவற்றுக்கும் சேர்த்து போனில் ஒரு ஆப். ஆள் விழுந்தால் உடனே எனக்கு மெசேஜ் வரும், ஹெல்மெட் போடாதவனை கேமராவே பிடித்துக் கொடுக்கும், வெயிலில் இதயத் துடிப்பு ஏறினால் காட்டும் என்கிறார். மொத்தம் ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம், அப்புறம் மாத வாடகை தனி. அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் காசுக்கு வலை கட்டுடா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் பழைய ஆள், எதையுமே வேண்டாம் என்பார். அதனால்தான் இங்கே கேட்கிறேன். இரண்டு லட்சம் வரை எப்படியாவது புரட்டிவிடுவேன். இதெல்லாம் உண்மையில் ஆளைக் காப்பாற்றுமா? அடுத்த மாதம் சம்ப் (தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க் இரண்டிலும் கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்த பலகையை, அதாவது சென்ட்ரிங்கைப் பிரிக்க வேண்டும், வெயிலும் ஆரம்பித்துவிட்டது.

பழைய சேஃப்டி ஆபீசர்:

தம்பி, 22 வருஷம் பாலம், மெட்ரோ என்று பெரிய சைட்டுகளில் சேஃப்டி பார்த்தவன் நான். நீங்கள் சொன்ன சாமான் எல்லாவற்றையும் கையால் தொட்டிருக்கிறேன். உங்கள் அப்பா சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஹெல்மெட் என்ன செய்கிறது என்று பாருங்கள். உள்ளே ஒரு சின்ன சிப் இருக்கிறது, நம் போனில் திரையைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அதே ஜாதி. ஆள் அந்தரத்தில் இருக்கும்போது அதில் எடையே காட்டாது, தரையில் மோதினதும் ஒரு பெரிய அதிர்ச்சி பதியும். இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தால் விழுந்துவிட்டான் என்று முடிவு செய்து மெசேஜ் அனுப்பும். மூன்று மீட்டரிலிருந்து தரைக்கு வர முக்கால் விநாடிதான் ஆகும். ஆக மெசேஜ் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ராத்திரி ஷிப்டில் தனியாக வேலை செய்கிறவன், சுரங்கத்துக்குள் இருப்பவன், இவர்களுக்கு அது நல்ல பொருள், யாருக்கும் தெரியாமல் கிடக்க மாட்டான். உங்கள் சைட்டில் 28 பேரும் ஒருவர் கண் முன்னால் ஒருவர் இருக்கிறார்கள். ஒருவன் விழுந்தால் ஆப் சொல்வதற்கு முன்னால் நாலு பேர் கத்திவிடுவார்கள்.

சரி, பெல்ட் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைப்பீர்கள். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, இதை நிறைய இஞ்சினியர்களே கவனிப்பதில்லை. பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறுதான் லேன்யார்டு; ஷாக் அப்சார்பர் வைத்த சாதாரண லேன்யார்டு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விழும்போது அந்த அப்சார்பர் கிழிந்து இன்னும் ஒன்றேமுக்கால் மீட்டர் வரை நீளும், அதற்குக் கீழே ஆளின் உடம்பு, அப்புறம் ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். காலடியில் கொக்கி மாட்டினால் கூட்டிப் பார்க்க ஆறு மீட்டருக்கு மேல் வந்துவிடும். முதல் மாடிச் சாரத்தில் மூன்று மீட்டர் உயரத்தில் அதை மாட்டிக்கொண்டு விழுந்தால், பெல்ட் இழுத்துப் பிடிக்கும் முன்பே ஆள் தரையில் இருப்பான். அந்த உயரத்துக்குச் சாரத்தில் இரண்டு வரி கைப்பிடிக் கம்பி, நழுவாமல் கட்டிய பலகை, வெளியே வலை. மேல் மாடிக்குப் போனதும் தலைக்கு மேலே மாட்டித் தானாக இழுத்துக்கொள்ளும் வகை பெல்ட் கொடுங்கள், கார் சீட் பெல்ட் போல வெடுக்கென்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது நான் கட்டாயம் வாங்கச் சொல்லும் ஒரே மின்னணு சாமான். கேஸ் டிடெக்டர். நாலு வாயு பார்க்கிற வகை: ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பிடிக்கும் வாயு. நீங்கள் போகிற போக்கில் சம்ப் சென்ட்ரிங் பிரிக்கணும் என்று எழுதிவிட்டுப் போனீர்கள் பாருங்கள், எனக்கு அந்த வரிதான் பயமாக இருந்தது. புதுத் தொட்டிதானே, சாக்கடை நீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லையே என்றுதான் எல்லோரும் இறங்குகிறார்கள். வாரக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டியில் ஈரப் பலகை மக்கி, கான்கிரீட் இறுக ஊற்றிய க்யூரிங் தண்ணீர் தேங்கிக் கெட்டு, உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்றிருக்கும். வெளிக்காற்றில் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனாலே மீட்டர் கத்தும். ஆறுக்குக் கீழே இருந்தால் ஏணியில் இறங்குகிறவன் நாலு மூச்சில் மயங்கி விழுவான். மேலே நிற்பவன் மின்சாரம் அடித்துவிட்டது என்று நினைத்துக் குதிப்பான். அடுத்து அவனைத் தூக்க அவன் அண்ணன். ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாவு விழுவது இப்படித்தான்.

மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள், ஏனென்றால் மீத்தேன் மேலே நிற்கும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் படுக்கும். வாசனை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. ப்ளோயர் போட்டு வெளிக்காற்றை உள்ளே அடித்து, மறுபடி அளந்து, மேலே கயிறு பிடிக்க ஆள் வைத்து, அப்புறம் இறக்குங்கள். தண்ணீர் இறைக்கிறேன் என்று பெட்ரோல் பம்பைத் தொட்டிக்குள் வைக்கவே கூடாது, புகையே கொன்றுவிடும்.

கொருக்குப்பேட்டை கம்பி:

நான் கம்பி கட்டுகிறவன். சேஃப்டி சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த பேண்டைக் கையில் கட்டியவன் யாரும் இங்கே பேசவில்லை, நான் கட்டியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு பெரிய சைட், பேர் வேண்டாம். எல்லோருக்கும் ரப்பர் பேண்ட் கொடுத்தார்கள், உங்கள் உயிருக்காக என்று மைக்கில் பேசி, லட்டு கூட கொடுத்தார்கள். முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது வாரம் சம்பளம் வாங்கப் போனால், இன்ன நாள் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை நீ அசையவே இல்லை என்று பேப்பரைக் காட்டி அரை நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் பீம் கூட்டுக்குள் குந்தி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பி கட்டுகிறவன் ஓடிக்கொண்டா கட்டுவான்? கக்கூஸ் போன கணக்கும் அதில் இருந்தது.

அதற்கப்புறம் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, தண்ணீர் கொண்டு வருகிற பொடியன் ஒருவன் இருந்தான், எல்லா பேண்டையும் அவன் கையில் மாட்டிவிட்டோம். அவன் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பான். எட்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடந்தது மேலே உட்கார்ந்து பார்த்த எவனுக்கும் சந்தேகமாகப் படவில்லை. அவன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்திருந்தால் எட்டு பேருக்கு ஆம்புலன்ஸ் வந்திருக்கும்.

பில்டர் தம்பி, பேண்ட் கட்டினால் அதற்கும் கூலிக்கும் சம்பந்தம் இல்லை என்று முதல் நாளே ஆட்கள் முன்னால், அவர்கள் பாஷையில் சொல்லணும். சொன்னால் மட்டும் போதாது, அந்தக் கணக்கு மேஸ்திரி கைக்கே போகக் கூடாது. ஹெல்மெட்டைப் பற்றியும் ஒன்று. பேட்டரி வைத்த ஹெல்மெட் கனம் ஜாஸ்தி, குனிந்தால் முன்னால் சரிகிறது, வெயிலில் நெற்றி வேகிறது. கழற்றி வைத்துவிடுவோம். தாடைப் பட்டி ஒழுங்காக இருக்கும் சாதாரண ஐஎஸ்ஐ ஹெல்மெட் போதும்.

தேரடி பில்டர்:

ஆறு மீட்டர் கணக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது சார். நேற்று போய் டேப் பிடித்துப் பார்த்தேன், எங்கள் சாரத்தில் பெல்ட் மாட்டச் சொன்ன இடத்திலிருந்து தரைக்கு 3.4 மீட்டர். வாங்கி வைத்திருக்கும் ஆறு பெல்ட்டும் ஷாக் அப்சார்பர் வகைதான்.

கம்பி அண்ணே, கூலி பிடிக்கிற எண்ணம் சத்தியமாக இல்லை. வெயிலுக்காகத்தான் பேண்ட் யோசித்தேன், போன வாரம் இரண்டு பையன்கள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். போனில் பார்த்தால் 35 டிகிரிதான், அதற்கே ஏன் இப்படி?

மாதவரம் சைட் இஞ்சினியர்:

தம்பி, போனில் காட்டும் டிகிரியை வைத்து நம் கடலோர வெயிலை அளக்கவே முடியாது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், திருவொற்றியூரில் அது உலர்வதே இல்லை, சட்டையில் ஊறிக்கொண்டு நிற்கும். இதற்கு டபிள்யூபிஜிடி என்று ஒரு அளவு இருக்கிறது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி, கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி, மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. ஈரத்துக்கு 0.7 பங்கு, கறுப்பு உருண்டைக்கு 0.2, சாதாரணக் காற்றுக்கு 0.1 பங்குதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வேலூரில் 41 டிகிரி, ஈரத்துணி 24, உருண்டை 53 என்று வைத்துக்கொள்ளுங்கள், 31.5 வரும். தேரடியில் 36 டிகிரிதான், ஈரத்துணி 29, உருண்டை 48 என்றால் 33.5. அதாவது ஐந்து டிகிரி குறைவாகக் காட்டும் ஊரில் உடம்புக்குச் சுமை கூடுதல். வெயிலுக்குப் பழகிய ஆள் கடினமான வேலையை இடைவிடாமல் செய்ய சர்வதேச அளவுகோல் வைத்திருக்கும் எல்லை 26 தான். பழகாதவனுக்கு 23.

இதில் ஒரு சிக்கல் வரும், நாங்களே மாட்டிக்கொண்டோம். கையடக்க மீட்டர் ஒன்று வாங்கி 26ல் அலாரம் வைத்தோம், ஏப்ரலில் அது காலை எட்டரைக்கே கத்த ஆரம்பித்துச் சாயங்காலம் வரை நிற்கவில்லை. மூன்றாவது நாள் வாட்ச்மேன் அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். அப்புறம்தான் எண்ணை வேலை நேரத்தோடு கோத்தோம். 28 தாண்டினால் மணிக்கு கால் மணி நேரம் நிழல், 30 தாண்டினால் அரை மணி, 32 தாண்டினால் கான்கிரீட், கம்பி தூக்குவது எல்லாம் நிறுத்தி உள்வேலை மட்டும். இது எங்கள் சைட்டுக்கு நாங்கள் போட்டது, உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். காலை ஆறுக்கே ஆரம்பித்து பதினொன்றுக்கு முதல் பாதியை முடிக்கிறோம். ஓனருக்கு முதலில் பிடிக்கவில்லை. இந்த வருஷம் அவரே மீட்டர் எவ்வளவு என்று போனில் கேட்கிறார்.

இன்னொன்று, தலை சுற்றின இரண்டு பேரும் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களா பாருங்கள். ஹோலிக்குப் போய்விட்டு மார்ச் கடைசியில் திரும்புகிறவர்கள் சரியாக வெயில் ஏறும் நேரத்தில் இறங்குகிறார்கள். உடம்பு பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் அவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இதற்கு பேண்ட் வேண்டாம், வருகைப் பதிவேட்டில் வந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி போதும். தமிழ்நாட்டில் வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டார்கள், இதை ஓனரிடம் சொல்லிப் பாருங்கள், சில சமயம் வேலை செய்யும்.

எண்ணூர் கிரேன்:

சின்ன சைட்டில் கிரேன் இருக்காது, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வண்டியில் லோடு இண்டிகேட்டர் என்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பூம், அதாவது கிரேனின் நீண்ட கை, எவ்வளவு நீட்டியிருக்கிறது, எவ்வளவு சாய்வு, கொக்கியில் எவ்வளவு எடை என்று பார்த்து, மீறினால் தானே நிறுத்திவிடும். அருமையான சாமான். அதை அடக்க ஒரு சாவி உண்டு. நான் பார்த்த பாதி வண்டிகளில் அந்தச் சாவி எப்போதும் போட்டபடியே இருக்கும், "இன்னும் ஒரு மீட்டர்தான்ப்பா, தூக்கு" என்று கீழிருந்து ஒருவர் கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். மத்தியானம் கடல் காற்று திரும்பும்போதும் அதே கதை, காற்று மீட்டர் ஒரு எண்ணைக் காட்டும், கீழே இருப்பவர் வேறு ஒன்றைக் காட்டுவார்.

2025 செப்டம்பர் 30ஆம் தேதி எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அனல் மின் நிலையத்தில் சாரம் சரிந்து 9 பேர் போனார்கள். பெரும்பாலும் அசாம் பையன்கள். அன்று ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு அவர்கள் பேசும் பாஷை புரியவில்லை. தம்பி, ஆப் வாங்குகிறீர்களோ இல்லையோ, உங்கள் பையன்கள் ஒவ்வொருவரின் வீட்டு போன் நம்பர், ரத்த வகை, ஊர், இதை ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவும் ஆன்லைனில் செய்து வைத்துவிடுங்கள்.

வியாசை வயர்மேன்:

யாருமே கரண்ட் பற்றிப் பேசவில்லையே. பட்ஜெட்டில் முதல் செலவு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் உடனே லைனை நிறுத்தும் சுவிட்ச். வைப்ரேட்டர், கட்டிங் மிஷின், கலவை மிஷின் எல்லாம் அதன் வழியாகப் போகட்டும். டேப் சுற்றின ஜாயின்ட்டைத் தண்ணீரில் மிதித்தவன், கை உதறிக்கொண்டு எழுந்து என்னைத் திட்டியிருக்கிறான். அது இல்லாமல் இருந்தால் திட்ட ஆள் இருக்காது. ஆனால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்தால் அதற்கும் தெரியாது, அதனால் பிளக் இல்லாமல் வயரைச் சொருகும் பழக்கத்தை நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

அப்புறம் தெருவில் போகும் ஈபி லைன். அதை ஆர்சிசிபி காப்பாற்றாது. கம்பி முழு நீளம் 12 மீட்டர், நம் தெருக்களில் அதை நிமிர்த்தி மாடிக்கு ஏற்றினால் எங்கே போய்த் தொடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆபீசில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள், இல்லை கீழேயே வெட்டி ஏற்றுங்கள்.

பழைய சேஃப்டி ஆபீசர்:

வயர்மேன் சொன்னதுக்கு நூறு மார்க். கேமரா பற்றி நான் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரே ஒரு கேமரா, லாரி ரிவர்ஸ் வரும் இடத்திலும் மாடி ஓரத்திலும் கண் படுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியை எண்ணுவதற்காக வேண்டாம். சாயங்காலம் பத்து நிமிடம் ஓடவிட்டு, இன்றைக்கு எந்த இடத்தில் கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டவில்லை என்று மேஸ்திரியோடு உட்கார்ந்து பாருங்கள். ஆளைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள்.

தேரடி பில்டர்:

எல்லோருக்கும் நன்றி. சேல்ஸ்மேனை அனுப்பிவிட்டேன், மனுஷன் நல்லவர்தான், போகும்போது பேண்ட் மட்டுமாவது என்றார். பாரிமுனை போய் லிங்கி செட்டித் தெருவில் வலை, தலைக்கு மேல் மாட்டும் பெல்ட் இரண்டு விலை கேட்டு வந்தேன். ஆர்சிசிபி நேற்றே மாட்டியாயிற்று. மாட்டின அரை மணியில் மூன்று முறை ட்ரிப் ஆனது, வைப்ரேட்டர் வயர்தான் காரணம், தோல் உரிந்து கிடந்தது, இத்தனை நாள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஹீட் மீட்டருக்கு ஆர்டர் சொல்லியிருக்கிறேன். தலை சுற்றின இரண்டு பேரும் ஹோலி முடிந்து வந்தவர்கள்தான் மாதவரம் அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே.

கேஸ் டிடெக்டர் மட்டும் ஒரு சந்தேகம். வருஷத்தில் நாலு தடவைதான் எனக்கு வேலை, வாடகைக்கு எடுத்தால் போதுமா?

பழைய சேஃப்டி ஆபீசர்:

போதும். ஆனால் கடைக்காரர் கையிலேயே வைத்து டெஸ்ட் கேஸ் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், நாலு அலாரமும் கத்த வேண்டும். கடைசியாக எப்போது காலிப்ரேஷன் (மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது) செய்தது என்று ஸ்டிக்கர் இருக்கும், தேதி பழசாக இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். சம்ப் பிரிக்கிற தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், மணலியில்தான் இருக்கிறேன், காலையில் வந்து நிற்கிறேன்.

தேரடி பில்டர்:

வரும் வியாழன் சார். அப்பா உங்களுக்கு டீ சொல்லிவிட்டார்.